பாஸ் பர்சென்ட்ட மட்டும் வெச்சு நம்ம அரசுப் பள்ளிக்கூடங்கள ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடலாமுங்களா? (ஈரோடு மாவட்டம்)

கொடிவேரிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. பத்தாவது ரிசல்ட் வந்ததுல இருந்து எங்க பக்கத்து வாட்ஸப் குரூப்புல ஒரு லிஸ்ட் சுத்திட்டு இருக்குது. ஒன்றியத்துல இருக்கற கவர்மெண்ட் ஸ்கூல் அத்தனையும் பாஸ் பர்சென்ட் படி மேல இருந்து கீழ அடுக்கி, மேல இருக்கறதுக்குப் பச்சை கீழ இருக்கறதுக்குச் செவப்புன்னு கலர் அடிச்சு யாரோ போட்டுட்டாங்க. செவப்புல இருக்கறதுல ஒண்ணு எங்கூரு ஸ்கூலு. அதப் பாத்துட்டு அஞ்சாவது முடிச்ச புள்ளைகளோட அப்பா அம்மா கொஞ்சப் பேரு எங்கூருல சேக்க மாட்டோம், ஆறாவதுக்கு பச்சையில இருக்கற ஊருக்கே போறோம்னு கெளம்பிட்டாங்க, பஸ்சுல ரண்டு மாறிப் போகோணும், அப்பவும் பரவால்லைங்கறாங்க.

நான் அங்க பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கறேன். எனக்குத் தெரிஞ்சு எங்கூரு வாத்தியாருங்க நெம்ப ஒழைக்கறாங்க, பொழுதோட ஸ்பெஷல் கிளாஸ் எடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போறாங்க. ஒம்பதாவதுல தடுமாறுன பசங்களையும் ஒருத்தனக்கூட கழட்டி உடாம பப்ளிக்குக்கு அனுப்புனாங்க. அதுல சில பேரு கணக்குலயும் இங்கிலீசுலயும் போயிட்டாங்க, பர்சென்ட் எறங்கிருச்சு. இத எப்படிங்க மக்களுக்குப் புரிய வெக்கறது? ஒரு ஸ்கூல இன்னொரு ஸ்கூலோட ஒப்பிடோணும்னா எதப் பாக்கோணும்? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மஞ்சக்காடு:

தம்பி, நீங்க சொல்றது ஞாயமாத்தான் இருக்குது. ஆனா பெத்தவங்க பக்கத்துல இருந்தும் பாருங்க. நான் கொடுமுடிப் பக்கம், மஞ்சளும் கரும்பும் போடற குடும்பம். எம்பட புள்ளைக்கு எந்த ஸ்கூலுன்னு தேடறப்ப எங் கையில இருக்கறது அந்த ஒரே நம்பருதான். வாத்தியாரு நல்லவரா, லேப் இருக்குதா, கணக்கு டீச்சர் போஸ்ட் காலியா கெடக்குதான்னு எனக்கு யாரு சொல்றா? மண்டியில மஞ்சள் வாங்கறவன் மூட்டையில கைய உட்டு வெரலையும் கெழங்கையும் ஒடச்சுப் பாத்துத்தான் வெலை சொல்றான், எங்களுக்கு மூட்டையப் பிரிச்சுக் காட்டறதே இல்லயே. வெளிய எழுதிருக்கற நம்பரத்தான பாக்க முடியும்.

புள்ளைக்குப் பத்தாவது ஒரு தாட்டிதான் வருது. நாளைக்கு பெயிலாப் போயிட்டா வாத்தியாரு ஒழச்சாருன்னு சொல்லி நான் ஆறுதல் பட முடியாது.

டீச்சரக்கா_அந்தியூர்:

நான் ரிட்டையர்டு பி.டி. அசிஸ்டெண்ட் (பட்டதாரி ஆசிரியர்), கணக்கு. ரண்டு பேரு சொல்றதும் எனக்குப் புரியுது. அந்த நம்பரு எப்படி உண்டாகுதுன்னு முதல்ல சொல்லிடறேன், அப்பறம் நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

பாஸ் பர்சென்ட்ங்கறது பரீட்சை எழுதுனவங்கள்ல எத்தன பேரு பாஸுங்கறதுதான். ஆறாவதுல சேந்தவங்கள்ல எத்தன பேருங்கறது கெடையாது. இந்த எடத்துலதான் எல்லா வித்தியாசமும் ஒளிஞ்சிருக்குது. கணக்குக்கு வெச்சுக்குங்க, ரண்டு ஸ்கூல்லயும் ஆறாவதுல 60 பேரு சேர்றாங்க. ஒரு ஸ்கூல்ல பத்தாவது வரைக்கும் 56 பேரக் கட்டிக் காப்பாத்திக் கொண்டாந்து பரீட்சைக்கு உக்கார வெக்கறாங்க, 50 பேரு பாஸ். கிட்டத்தட்ட 89 பர்சென்ட். இன்னொரு ஸ்கூல்ல ஒம்பதாவது முடியறப்பவே "இவன் தேற மாட்டான், வேற எடம் பாத்துக்குங்க"ன்னு அப்பா அம்மாளக் கூப்புட்டுச் சொல்லி டி.சி. குடுத்தர்றாங்க, லாங் ஆப்செண்டுன்னு பேர எடுத்தர்றாங்க, கடைசீல 40 பேரு எழுதி 40 பேரும் பாஸ். நூத்துக்கு நூறு, பேனர் கட்டுவாங்க. ஆனா 60 பேருல மொதல் ஸ்கூல் 50 புள்ளைகளக் கரை ஏத்திருக்குது, ரண்டாவது ஸ்கூல் 40 தான். உங்க லிஸ்டுல எது பச்சை எது செவப்புன்னு பாத்துக்கங்க.

எல்லா நூறு பர்சென்ட் ஸ்கூலும் இப்படித்தான்னு நான் சொல்ல வரல, அது பெரிய பாவம். உண்மையாவே ஒழச்சு நூறு வாங்கறவங்கள நான் கண்ணால பாத்திருக்கறேன். ஆனா நாமினல் ரோல் (பரீட்சை எழுதறவங்க பேர் பட்டியல்) போடறதுக்கு முன்னால என்ன நடந்துச்சுன்னு தெரியாம அந்த நூற நம்பக்கூடாதுங்க. ரிசல்ட் வந்த ஒடனே மீட்டிங்ல எச்.எம்.மு எந்திரிச்சு நின்னு "ஏன் பர்சென்ட் கொறஞ்சுச்சு"ன்னு பதில் சொல்லோணும். "உங்க ஸ்கூல்ல ஆறுல சேந்த புள்ளைக எத்தன பேரு இப்ப இல்ல, அவங்க எங்க"ன்னு அதே சூட்டோட கேட்டு நான் பாத்ததில்ல. கேள்வி எங்க வருதோ அங்கதான ஒழைப்பும் போகும்.

2023ல பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சைக்கு மாநிலம் பூரா அம்பதாயிரம் பேருக்கு மேல வரலைன்னு பெரிய பேச்சாச்சே, ஞாபகம் இருக்குதுங்களா. அது என்னன்னு உத்துப் பாத்தா கொரோனா வருசத்துல பத்தாவது ஆல் பாஸ் ஆகி வந்த செட்டு, பாதியிலயே நின்னு போன புள்ளைக பேரு எல்லாம் லிஸ்டுல அப்படியே இருந்துருக்குது. அந்த ஒரு வருசம் பேர எடுக்காம உட்டதால நின்னு போனவங்க எத்தன பேருன்னு ஊருக்குத் தெரிஞ்சுச்சு. மத்த வருசமெல்லாம் அது வெளிய தெரியாமயே போயிருது.

தறிச்சத்தம்:

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. நான் சென்னிமலை. இன்னொண்ணையும் சேத்துக்குங்க, சின்ன ஸ்கூலு பெரிய ஸ்கூலு வித்தியாசம். 12 பேரு எழுதற ஸ்கூல்ல ஒரே ஒருத்தன் போனா கிட்டத்தட்ட 92 பர்சென்டுக்கு வந்துரும், ரண்டு பேரு போனா 83. அதே ரண்டு பேரு 150 பேரு எழுதற ஸ்கூல்ல போனா 98க்கு மேல நிக்கும். சின்ன ஸ்கூலு ஒரு வருசம் பச்சைக்குப் போகும் அடுத்த வருசம் செவப்புக்கு வரும், அங்க ஒண்ணுமே மாறிருக்காது, ஒரு பையன் காச்சல்ல படுத்திருப்பான், அவ்வளவுதான். ஒரு வருசத்து நம்பர வெச்சு டி.சி. வாங்கறது ரோசனை இல்லாத வேலைங்க, கொறஞ்சது மூணு வருசத்த ஒட்டுக்கா போட்டுப் பாக்கோணும்.

மூணு வருசம்னு பாக்கறப்பவும் 2020, 2021 ரண்டும் ஆல் பாஸ், அதப் பழைய லிஸ்டுல சேத்து சராசரி போடறவங்க இருக்கறாங்க, அதையும் பாத்துக்கங்க.

திம்பம்27:

நான் தாளவாடி. எங்க மலையப் பத்தி ஒருத்தரும் பேசல, அதனால நான் சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

நம்ம மாவட்டத்துல 14 ஒன்றியம். பேப்பர்ல என்ன வருது? ஈரோடு மாவட்டம் 2024 பிளஸ் டூவுல 97.42 பர்சென்ட், சிவகங்கையோட சேந்து ரண்டாவது எடம், திருப்பூரு 97.45ல மொதல் எடம். கொங்கு நாடே முன்னால நிக்குதுன்னு எல்லாரும் சந்தோசப்பட்டோம், நானுந்தான். ஆனா அந்த நம்பருக்குள்ள ஈரோட்டு மெட்ரிக் ஸ்கூலும் இருக்குது, கோபி ஸ்கூலும் இருக்குது, எங்க தாளவாடியும் கடம்பூரும் பர்கூரும் இருக்குது. எல்லாத்தையும் ஒண்ணாக் கலக்கிட்டா மலை எங்க தெரியும்?

எங்க பக்கம் வீட்டுல பேசறது கன்னடம். கன்னட மீடியம் ஸ்கூலும் உண்டு, தமிழ் மீடியத்துல சேர்றவங்களும் உண்டு. சோளகர், ஊராளி புள்ளைக வீட்டுல பேசறது வேற. ஒண்ணாவதுல வந்து உக்கார்ற புள்ளைக்கு டீச்சர் பேசறதே பாதி புரியாது. சத்தியமங்கலத்துல இருந்து வர்ற வாத்தியாரு திம்பம் 27 கொண்டை ஊசி வளைவு ஏறி வரோணும், நடுவுல லாரி நின்னுட்டா அன்னைக்கு மொதல் ரண்டு பீரியட் போச்சு. எங்க மேல அவங்களுக்குக் கோவம் இல்ல, ஆனா வாத்தியாருங்களுக்கு டிரான்ஸ்பர் கவுன்சிலிங் வந்தா கீழ எடம் கெடச்சாப் போயிருவாங்க, அது மனுச இயல்பு. அப்பறம் அந்தப் போஸ்ட் காலியாக் கெடக்கும். அறிவியல் டீச்சரே கணக்கும் எடுப்பாங்க. சில ஊருல இருந்து ஸ்கூலுக்கு வர்ற வழி காடு, ஆனை நின்னா புள்ளைய அனுப்ப மாட்டாங்க, அனுப்பவும் கூடாது. வேலைக்குன்னு குடும்பமே கீழ எறங்கறப்ப புள்ளையும் கூடவே போயிரும், ரண்டு மூணு மாசம் கழிச்சு வரும், வராமயும் போகும்.

இத்தனையும் தாண்டி ஒரு புள்ள பத்தாவதுல ஒவ்வொரு பாடத்துலயும் 35 எடுக்குதுன்னா அங்க ஒரு வாத்தியாரு எத்தன தூரம் இழுத்துருப்பாருன்னு ரோசிச்சுப் பாருங்க. கீழ ட்யூசனும் போயிட்டு அப்பா அம்மா படிச்சவங்களா இருக்கற வீட்டுப் புள்ள 400 எடுக்கறதையும் இதையும் ஒரே லிஸ்டுல வெச்சுக் கலர் அடிக்கறதப் பாத்தா நெம்ப வருத்தமா இருக்குதுங்க.

மஞ்சக்காடு:

தாளவாடித் தம்பி சொன்னதப் படிச்சுட்டு மனசு கஷ்டமாப் போச்சு. மலைய வேற கணக்குலதான் பாக்கோணும், ஒத்துக்கறேன்.

ஆனா ஒண்ணு நேராக் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பக்கம் மலையும் இல்ல, ஆனையும் இல்ல, பஸ் வசதி இருக்குது, வாத்தியாரு போஸ்ட் முக்காவாசி நெரம்பித்தான் இருக்குது. அப்படியும் ஒரு ஸ்கூல் வருசா வருசம் கீழதான் கெடக்குது, பக்கத்துல நாலு மைல் தள்ளி இருக்கற ஸ்கூலு மேல இருக்குது, ரண்டு பக்கமும் ஒரே மாதிரி குடும்பம், ஒரே மாதிரி பண்ணயம். அங்கயும் போயி "புள்ளைக நெலமை அப்படி, வீட்டுல கவனிப்பு இல்ல"ன்னு சொன்னா நாங்க எப்படி நம்பறது? வகுப்புக்கே சரியாப் போகாத வாத்தியாருக்கும் இதே பேச்சுத்தான் ஒளிஞ்சுக்கற குடையாப் போகுது. லிஸ்டு தப்புன்னு தூக்கிப் போட்டுட்டீங்கன்னா அப்பறம் யாரு யாரக் கேக்கறது?

டீச்சரக்கா_அந்தியூர்:

நீங்க கேட்டதுல தப்பே இல்லீங்க. நான் லிஸ்டு வேண்டாங்கல, இந்த லிஸ்டு பத்தாதுங்கறேன். நீங்களே வழியும் சொல்லிட்டீங்க, ஒரே மாதிரி குடும்பம் ஒரே மாதிரி பண்ணயம் இருக்கற ரண்டு ஸ்கூலத்தான் பக்கத்துல பக்கத்துல வெக்கோணும். தாளவாடியப் பர்கூரோட வெச்சுப் பாருங்க, கொடுமுடிய மொடக்குறிச்சியோட வெச்சுப் பாருங்க, பெருந்துறைய சென்னிமலையோட வெச்சுப் பாருங்க. அப்படி வெச்சும் ஒண்ணு வருசா வருசம் கீழ கெடந்துச்சுன்னா அங்க கேள்வி கேக்கத்தான் வேணும், அது வாத்தியாரா இருந்தாலும் சரி, எச்.எம்.மா இருந்தாலும் சரி.

கேக்கறப்ப பாஸ் பெயில மட்டும் கேக்காதீங்க. பாடவாரியா கேளுங்க. எல்லாப் பாடத்துலயும் பாஸாகி ஒரு பாடத்துல மட்டும் கொத்தாப் போயிருந்தா அந்தப் பாடத்துக்கு டீச்சர் இருந்தாங்களான்னு மொதல்ல பாருங்க. அறிவியல்ல செய்முறைக்கு 25, எழுத்துக்கு 75, எழுத்துல 20 எடுத்தாப் போதும். அதனால அறிவியல்ல பாஸாகறது கொஞ்சம் சுளுவு, கணக்குல 35ம் எழுதித்தான் எடுக்கோணும். ஒரு ஸ்கூலோட கணக்கு மார்க்கப் பாத்தீங்கன்னா ஆறாவதுல இருந்து அங்க என்ன நடந்துருக்குதுன்னு பாதி சொல்லிரலாம், வகுத்தல் தெரியாம பத்தாவதுக்கு வந்தவனுக்கு கடைசி மூணு மாசத்துல யாரும் இயற்கணிதம் சொல்லித்தர முடியாது. பத்தாவது வாத்தியாருக்கு வர்ற நல்ல பேரும் கெட்ட பேரும் பாதி அஞ்சாவது வாத்தியாருக்குப் போய்ச் சேர வேண்டியதுங்க.

பெருந்துறை_பையன்:

இங்க சிப்காட் பக்கம் கதை வேற. எங்க தொடக்கப் பள்ளியில ஒடிசா, பீகார் குடும்பத்துப் புள்ளைக ஏகப்பட்டது. வர்றப்ப தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, ஒரே வருசத்துல நம்மாட்டமே "ஏனுங் டீச்சர்"னு பேசுதுங்க, கேக்கறதுக்கே அத்தன சந்தோசமா இருக்கும். ஆனா அப்பா வேற கம்பெனிக்கு மாறுனா புள்ளையும் போயிரும். தொடக்கப் பள்ளிப் புள்ளைகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துல, புள்ளைக எவ்வளவு கத்திருக்குதுன்னு பாத்து அரும்பு, மொட்டு, மலர்னு படிப்படியாப் பிரிச்சு ஒக்கார வெக்கறாங்கல்ல, அரும்புல சேந்து மொட்டுக்கு வந்த புள்ள வருசக் கடைசீல அங்க இருக்காது, புதுசா ஒண்ணு மறுபடியும் அரும்புல வந்து ஒக்காரும். டீச்சர் ஒரு வருசம் பூரா ஓடி ஓடி வேலை செஞ்சிருப்பாங்க, ஏட்டுல பாத்தா எல்லாம் அரும்பு. அந்த டீச்சர வேற எந்த ஸ்கூலோட ஒப்பிடறது?

வெள்ளாளப்பாளையத்தான்:

நான் கோபிப் பக்கந்தான், கொடிவேரிக்காரருக்குப் பக்கத்துல. மாதிரிப் பள்ளி வந்ததையும் கணக்குல எடுத்துக்கங்க. மாவட்டத்துக்கு ஒண்ணு, தங்கிப் படிக்கறது, நல்லாப் படிக்கற புள்ளைகள அரசுப் பள்ளிகள்ல இருந்து எடுத்துட்டுப் போறாங்க. அந்தப் புள்ளைகளுக்கு அது பெரிய வரம், ஐ.ஐ.டி., என்.ஐ.டி. வரைக்கும் போறாங்க, நான் குறையே சொல்ல மாட்டேன். ஆனா மூணு நல்ல புள்ளைய அனுப்புன ஊரு ஸ்கூலுல 450க்கு மேல எடுக்கறதுக்கு ஆள் இல்லாமப் போயிருது. அப்பறம் "அந்த ஸ்கூல்ல டாப்பரே இல்ல"ன்னு பேசறாங்க. எட்டு வருசம் சொல்லிக்குடுத்து வளத்து அனுப்புனது அந்த ஸ்கூல்தான, அந்தப் பேரு எங்கயுமே வர்றதில்ல.

தறிச்சத்தம்:

மார்க்கு தாண்டி ஒண்ணு. பத்தாவது, பன்னெண்டாவது முடிச்ச புள்ளைக அதுக்கப்பறம் என்ன ஆனாங்கன்னு பாக்கறதுதான் எனக்குப் பெருசு. எங்க பக்கம் பசங்க பாஸாயிட்டும் தறிக்கோ பனியன் கம்பெனிக்கோ போயிர்றாங்க, வாரக்கூலி கையில வந்துருது, காலேஜு பேச்சே எடுக்க மாட்டான். பொண்ணுக பரவால்ல, புதுமைப் பெண் திட்டம் வந்ததுக்கப்பறம் மாசம் ஆயிரம் ரூவா வருதுங்கறதால வீட்டுல காலேஜுக்கு உடறாங்க. 2024 ஆகஸ்டுல கோயமுத்தூருல தமிழ்ப் புதல்வன் திட்டத்த ஆரம்பிச்சாங்க, பசங்களுக்கும் அதே ஆயிரம், ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கோணும். அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கும் உண்டு. மெடிக்கல்ல அரசுப் பள்ளிப் புள்ளைகளுக்கு ஏழரை பர்சென்ட் ஒதுக்கீடு 2020ல வந்துச்சு, அடுத்த வருசமே இன்ஜினியரிங்குக்கும் வந்துருச்சு. ஊரு ஸ்கூல உட்டுட்டுத் தனியாருக்குப் போறவங்க இதையெல்லாம் தொலைச்சுட்டுப் போறாங்கன்னு சொல்ல ஆள் இல்ல.

ஒரு ஸ்கூல்ல எட்டாவதுல என்.எம்.எம்.எஸ்.ங்கற உதவித்தொகைப் பரீட்சை எத்தன பேரு எழுதறாங்க, எத்தன பேரு தேர்வாகறாங்கன்னு கேட்டுப் பாருங்க. தேர்வானா ஒம்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் வருசம் 12,000 ரூவா. அதுக்குன்னு தனியா ஒக்காந்து பயிற்சி குடுக்கற வாத்தியாரு இருக்கற ஸ்கூலு நல்ல ஸ்கூலுதான், அதுக்கு எவனும் கலர் அடிக்க வேண்டியதில்ல.

கொடிவேரிக்காரன்:

எல்லாத்துக்கும் நெம்ப நன்றிங்க. டீச்சரக்கா சொன்ன ஆறாவது கணக்குதான் எனக்கு வேண்டியது. எங்க ஸ்கூலோட பழைய சேர்க்கைப் பதிவேட்ட எச்.எம். கிட்டக் கேட்டு வாங்கிக்கலாம். மத்த ஸ்கூலோட எண்ணிக்கைய எப்படிங்க தெரிஞ்சுக்கறது, நாங்க போயிக் கேட்டா குடுப்பாங்களா?

டீச்சரக்கா_அந்தியூர்:

கேக்க வேண்டியதே இல்ல. ஒவ்வொரு ஸ்கூலுக்கும் 11 இலக்கத்துல யூ-டைஸ் கோடுன்னு ஒரு அடையாள எண் இருக்குது, போர்டுலயோ வருகைப் பதிவேட்டு அட்டையிலயோ எழுதிருப்பாங்க. யூ-டைஸ் பிளஸ்ங்கற அரசாங்க சைட்டுல அந்தக் கோட்டப் போட்டா அந்த ஸ்கூலோட ரிப்போர்ட் கார்டு வரும், எந்த வகுப்புல எத்தன பசங்க எத்தன பொண்ணுக, எத்தன வாத்தியாருங்க, கக்கூசு, தண்ணி, கம்ப்யூட்டரு எல்லாம் வருசவாரியா இருக்கும். பத்தாவது எழுதுன செட்டு எந்த வருசம் ஆறாவதுல இருந்துச்சோ அந்த வருசத்த எடுத்துக்கங்க. நடுவுல தனியாருல இருந்து வந்து சேந்த புள்ளைகளும் இருக்கும், கொரோனா சமயத்துல நெறயப் பேரு அப்படி வந்தாங்க, அதனால அச்சு அசலாப் பொருந்தாது. ஆனா 60 பேரு 56 ஆச்சா, இல்ல 40 ஆச்சாங்கறது பளிச்சுன்னு தெரிஞ்சுரும்.

தேசிய அடைவுத் தேர்வு, பராக் சர்வே இதெல்லாம் யாராச்சும் கொண்டாந்து காட்டுனா அத வெச்சு ஸ்கூல ஒப்பிடாதீங்க, அது கொஞ்ச ஸ்கூல மட்டும் மாதிரிக்கு எடுத்து மாவட்டத்துக்கு மொத்தமாச் சொல்றது. 2025 பிப்ரவரியில மாநிலத் திட்டக்குழு மூணு, அஞ்சு, எட்டு வகுப்புக்கு ஒரு அடைவுத் தேர்வு வெச்சாங்களே, அது கொஞ்சம் கிட்ட வரும். இப்ப ஆறுல இருந்து ஒம்பது வரைக்கும் திறன்னு ஒரு திட்டம், தமிழ் இங்கிலீஷ் கணக்குல பின்தங்குன புள்ளைகளத் தனியாக் கவனிக்கறது, அதுல உங்க ஸ்கூலு புள்ளைக எங்க ஆரம்பிச்சு எங்க வந்துருக்கறாங்கன்னு குழுக் கூட்டத்துல எச்.எம்.மக் கேளுங்க. கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்குது, அதுக்குத்தான் குழுவே.

மஞ்சக்காடு:

இப்பத்தான் அந்த சைட்டுல எங்க பக்கத்து ரண்டு ஸ்கூலையும் போட்டுப் பாத்தேன். நான் மேலங்கன்னு சொன்னேனே, அந்த ஸ்கூல்ல ஆறாவதுல இருந்த கூட்டத்துக்கும் பத்தாவதுல இருக்கற கூட்டத்துக்கும் வித்தியாசம் பெருசா இருக்குது. கீழங்கன்னு சொன்னதுல அவ்வளவு வித்தியாசம் இல்ல. ஆனா அங்க வாத்தியாரு எண்ணிக்கை நான் நெனச்சத விடக் கம்மி. அடுத்த கிராம சபையில கணக்கு டீச்சர் போஸ்ட் காலியப் பத்தித் தீர்மானம் போடச் சொல்லிக் கேக்கப் போறேன், எங்கூரு ஆளுகளையும் கூட்டிட்டு வர்றேன். டீச்சரக்கா, அந்தத் தீர்மானத்துல என்னென்ன எழுதோணும்னு மட்டும் கொஞ்சம் சொல்லிருங்க.

டீச்சரக்கா_அந்தியூர்:

ஸ்கூலு பேரு, யூ-டைஸ் கோடு, எந்தப் பாடத்துக்கு எத்தன மாசமா ஆள் இல்ல, எத்தன புள்ளைக படிக்குது, இப்ப அந்தப் பீரியட யாரு பாத்துக்கறா, இவ்வளவையும் எழுதுங்க. நகல் ஒண்ணு முதன்மைக் கல்வி அலுவலருக்குப் பதிவுத் தபால்ல போகட்டும். புது ஆளு போடற வரைக்கும் மேலாண்மைக் குழு மூலமா தற்காலிக ஆசிரியர் வெச்சுக்க அனுமதி கேட்டு ஒரு வரி சேத்துக்கங்க, சும்மா பீரியட் போறத விட அது மேல். எழுதிட்டு இங்கயே போடுங்க, படிச்சுப் பாத்துச் சொல்றேன்.

திம்பம்27:

அந்த மாதிரியே எங்களுக்கும் ஒண்ணு வேணுமுங்க. எங்களுது கூட பஸ் நேரத்தையும் சேத்துக் கேக்கோணும், பொழுதோட ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு போறதுக்கு வண்டி இல்லாததாலதான் பொண்ணுக நாலு மணிக்கே எந்திரிச்சுப் போயிர்றாங்க.